மென்பொருள் வந்த பின்னரும் கொப்பி ஏன் மூடப்படவில்லை?

கேள்வி: புறக்கோட்டைக் கணக்கர்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு ஆகியவற்றை மொத்தமாக இறக்கி வெளியூர்களுக்கு அனுப்பும் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறேன். களஞ்சியக் கையிருப்பையும் கடன் பாக்கியையும் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள் ஒன்றை முதலாளி சென்ற ஆண்டு கணிசமான பணம் கொடுத்து வாங்கினார். பயிற்சி கொடுத்தார்கள், திரை தமிழிலேயே இருக்கிறது, வேகத்திலும் குறையில்லை. அப்படியிருந்தும் களஞ்சியப் பொறுப்பாளர் ஒவ்வொரு லொறியையும் முதலில் தமது நீளக் கொப்பியில் எழுதிக்கொண்டு, மாலையில் கடை அடங்கிய பிறகே அதைப் பார்த்துக் கணினியில் பதிகிறார். முதலாளியும், ஹற்றனில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பாக்கியைக் கேட்டால், "அந்தக் கொப்பியை எடுங்கோ" என்றுதான் சொல்கிறார்.

இவர்கள் புதியதைக் கண்டு ஒதுங்குபவர்கள் அல்லர். 2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூஆர் முறை வந்தபோது இதே பொறுப்பாளர் தமது மோட்டார் சைக்கிளைத் தாமே பதிவுசெய்ததோடு, தெருவில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் பலருக்கும் செய்து கொடுத்தார். பற்றுச்சீட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தையும் எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. ஒன்றை ஒரு சில நாட்களில் கைக்கொண்ட மனிதர் மற்றொன்றை ஏன் நம்ப மறுக்கிறார்? கொப்பியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று முதலாளி நினைக்கிறார். அது சரிதானா?

பதில்: வெள்ளவத்தை ஆய்வு மாணவி

வணக்கம் ஐயா. இத்துறையில் எல்லோரும் தொடங்கும் இடம் பிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு தொழில்நுட்பத்தை ஒருவர் ஏற்பது, அது தம் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணத்தையும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணத்தையும் பொறுத்தது என்றார் அவர். இவற்றில் வலுவானது பயன் பற்றிய எண்ணமே என்பதும் அவருடைய முடிவு. உங்கள் கடையில் பயிற்சியும் தமிழ்த் திரையும் எளிமையை மட்டுமே கவனித்திருக்கின்றன. பயன் யாருக்கு என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. கையிருப்பை வீட்டில் இருந்தபடியே பார்க்கக்கூடியவர் முதலாளி. அதற்காக மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து தட்டுபவர் பொறுப்பாளர். உழைப்பு ஒருவருக்கும் பலன் வேறொருவருக்கும் போகும் அமைப்பில் இப்படி நடக்காவிட்டால்தான் வியப்பு.

கியூஆர் முறையை இதனோடு ஒப்பிடுவது முழுவதும் பொருந்தாது. 2003இல் வெங்கடேஷ், டேவிஸ் முதலியோர் முன்னைய பல கோட்பாடுகளை ஒன்றாகத் திரட்டி எழுதியபோது, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, உதவி வசதிகள் ஆகியவற்றோடு, பயன்பாடு விருப்பத்தின்பாற்பட்டதா கட்டாயமா என்பதையும் கணக்கில் எடுத்தனர். அன்று கியூஆர் இல்லாதவருக்குப் பெற்றோல் இல்லை. நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவருக்கு அதன் பயனை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டுப்பாடு நீங்கி, 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டபோது அதற்காக எவரும் வருந்தவும் இல்லை.

சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பைப் பொறுத்தவரை, "கொப்பியை எடுங்கோ" என்று முதலாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியம் எல்லாப் பயிற்சியையும் தோற்கடித்துவிடுகிறது.

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்

மகள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இதை மனிதரின் மனப்பாங்காக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புறக்கோட்டைக் கடைகளின் கணக்குகளை நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். தம்பி, அந்தக் கொப்பியைத் திறந்து, எது பேனையால் எழுதப்பட்டிருக்கிறது, எது பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா?

நான் பார்த்த களஞ்சியக் கொப்பிகளில் மூடை எண்ணிக்கை பேனையில் இருக்கும். நிறை பென்சிலில் இருக்கும். பெரிய வெங்காயம் இறங்கிய நாளில் இருந்த நிறையில் சில நாட்களுக்குப் பின் இருப்பதில்லை. காய்ந்து குறையும், அழுகியது பொறுக்கி எறியப்படும், கிழிந்த மூடையில் இருந்து சிந்தும். லொறி ஹற்றனைச் சேர்ந்து, அங்குள்ள கடைக்காரர் தமது தராசில் நிறுத்து, இரண்டு பேரும் தொலைபேசியில் ஒரு எண்ணுக்கு இணங்கிய பிறகே பென்சில் அழிக்கப்பட்டுப் பேனை வரும். விலையும் அப்படித்தான். சந்தை விலை இறங்கினால் பழைய வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். அதுவரை ஓரத்தில் பென்சிலில் ஒரு சிறு எண் நிற்கும்.

மென்பொருளில் பென்சில் இல்லை. பதியும் அந்தக் கணத்திலேயே முடிவான எண்ணைக் கேட்கிறது. பிறகு திருத்தினால் இன்னார் இன்ன நேரத்தில் மாற்றினார் என்று பெயரோடு எழுதி வைக்கிறது. தவறு செய்யாத மனிதரையும் அது ஐயத்துக்குரியவராகக் காட்டுகிறது. அதனால்தான் அவர் மாலைவரை காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கழிவை எழுதத் தனி இடம் இல்லாத ஒரு மென்பொருளில், அழுகிய வெங்காயத்தைப் பூச்சிய விலைக்கு விற்றதாகப் பதிந்து சமாளித்த கடையொன்றை நான் கண்டிருக்கிறேன். திரையில் எல்லாம் ஒத்துப்போயிற்று, களஞ்சியத்தில்தான் ஒன்றும் ஒத்துப்போகவில்லை!

நம்பிக்கையைப் பற்றி மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவர் 1995இல் எழுதியது எனக்குப் பிடித்தமானது (இந்த டேவிஸ் வேறொருவர்). ஒருவரை நம்புவதற்கு அவருடைய திறமை, நம் மீது அவருக்குள்ள நல்லெண்ணம், அவருடைய நேர்மை ஆகிய மூன்றையும் பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் பேசியது மனிதர்களைப் பற்றியே என்றாலும், பொறுப்பாளர் அந்தத் திரையின் திறமையை ஐயுறவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும். மூடை குறைந்தால் அது யார் பக்கம் பேசும் என்பதே அவருடைய ஐயம். கொப்பி அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அதுவே அவருடைய சாட்சி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கணினிப் பதிவுக்கும் சட்ட ஏற்பை வழங்கியிருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

ஆகவே பூட்ட வேண்டாம். பூட்டினால் கொப்பி அவருடைய சட்டைப் பைக்குள் சிறியதாகிப் போய்விடும். அப்போது உங்களுக்கும் அதைப் பார்க்கக் கிடைக்காது.

பதில்: மென்பொருள் பொறியியலாளர், பம்பலப்பிட்டி

பெரியவர் சொன்ன பென்சில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய விடயம். எனினும் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2006இல் காசோலைகளின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறை இலங்கையில் வந்தபோது, புறக்கோட்டை வியாபாரிகள் எவரிடமும் இந்தப் படத்தை நம்புகிறீர்களா என்று கேட்கப்படவில்லை. வங்கிகள் எல்லாம் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்தன. வெளியூர்க் காசோலையும் அடுத்த வேலை நாளிலேயே தீர்ந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நிறுவனங்கள் தனிமனிதரைப் போல ஒவ்வொன்றாக மனம் மாறுவதில்லை. சட்டத்தின் அழுத்தம், மற்றவர்களைப் பார்த்துச் செய்தல், தொழில் வட்டாரத்தின் நெறி ஆகிய மூன்றுமே அவற்றை ஒன்றுபோல் ஆக்குகின்றன என்று டிமாஜியோவும் பவலும் 1983இலேயே எழுதினார்கள். எனவே எல்லாவற்றுக்கும் பொறுப்பாளரின் மனம் கனியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் நான் கொப்பியின் பக்கம். 2023இல் அரசாங்க மேகக் கணினித் தொகுதி கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே மாதத்தில் இருந்து ஓகஸ்ட் வரையான மின்னஞ்சல்கள், மாற்றுப் பிரதி இல்லாமையால் மீளவில்லை. உங்கள் கடையின் தரவு எங்கே இருக்கிறது, அதன் பிரதி எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது யார் என்று விற்றவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பொறுப்பாளருடைய ஐயம் நியாயமானதே.

பதில்: வெள்ளவத்தை ஆய்வு மாணவி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவின் ஐயோவாவில் ஒட்டுச் சோளம் பரவிய விதத்தை ரயனும் குரோசும் 1943இல் எழுதியபோது, விவசாயிகள் புதிய விதையை விற்பனையாளரிடம் கேள்விப்பட்ட பிறகும் முதலில் சிறு துண்டு நிலத்திலேயே விதைத்துப் பார்த்தனர் என்றும், அவர்களை இணங்கவைத்தவர்கள் பெரும்பாலும் அயலவர்களே என்றும் கண்டனர். பருப்பு வெங்காயம் போல் நிறை குறைவதில்லை. அதை மட்டும் கொப்பியின்றி நேரடியாகக் கணினியில் பதியச் சொல்லிப் பார்க்கலாமே?

கேள்வி கேட்டவர்: புறக்கோட்டைக் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. இன்று பொறுப்பாளரிடம் கேட்டுக் கொப்பியைப் புரட்டினேன். ஐயா சொன்னபடியே நிறையெல்லாம் பென்சிலில்தான் இருக்கிறது. சில பக்கங்களில் இரண்டு முறை அழித்த தடமும் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு மென்பொருள் விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தற்காலிகப் பதிவு என்று ஒரு நிலையைச் சேர்க்க முடியுமாம், ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். மாற்றுப் பிரதியைப் பற்றிக் கேட்டபோது, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

பருப்பைத் தனியாகப் பதியும் யோசனைக்கு முதலாளி சம்மதித்திருக்கிறார். பொறுப்பாளரோ, குறைவு வந்தால் திரையில் தமது பெயர் மட்டும் வரக்கூடாது, ஏற்றிய லொறிக்காரருடைய பெயரும் வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். முதலாளி அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.