முருகைக்கல் சூட்டைத் தாங்க அல்கா எப்படி உதவுகிறது?

ஹட்டன் மாணவி: உயர்தர உயிரியலுக்காகக் கேட்கிறேன். கடல் சூடேறினால் முருகைக்கல் (பவளம்) வெளிறுகிறது. சில மட்டும் தப்புவது ஏன்?

பதுளை ஆசிரியர்: அதன் உள்ளே வாழ்ந்து உணவும் நிறமும் தரும் அல்காவை, அதாவது நுண்ணிய பாசியைப் பாருங்கள், மகள். சூட்டில் அதன் ஒளித்தொகுப்பு குழம்பி, கலத்தைச் சிதைக்கும் ஒட்சிசன் வகைகள் பெருகும். அதனால் முருகைக்கல் அல்காவை வெளியேற்றி, வெளிறிவிடும். வழமையான கோடை உச்சத்தைவிட 1 பாகை கூடி, சில வாரம் நீடித்தாலே போதும். டுருஸ்டினியம் வகை அல்கா மேலோங்கிய முருகைக்கல் ஏறத்தாழ 1 முதல் 1.5 பாகை கூடுதலாகத் தாங்கும்.

கண்டியிலிருந்து: அதிலும் குறை உண்டு, சேர். அது தரும் உணவு குறைவு, வளர்ச்சி மந்தம். சூடு தணிந்தால் பழைய கிளாடோகோப்பியம் வகை அல்கா மீண்டும் மேலோங்கலாம்.

ஹட்டன் மாணவி: வெளிறினால் இறந்துவிட்டதா, சேர்?

பதுளை ஆசிரியர்: இல்லை, பட்டினி கிடக்கிறது. மிஞ்சிய அல்கா விரைவில் பெருகினால் பிழைக்கும். 1998இல் ஹிக்கடுவைக் கடலில் வெளிறிய முருகைக்கல்லில் பெரும்பகுதி பிழைக்கவில்லை.