ஊர்ப் பள்ளிக்குத் தலைக்கட்டு வரி: உங்கள் அனுபவம் என்ன?

புதுக்கோட்டைக்காரி:
பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில் அரசுப் பள்ளிக்காகப் பணம் கேட்டிருக்கிறீர்களா? முதலில் என் அனுபவம்.

எங்கள் ஊரில் எட்டாவதுவரைதான் இருந்தது. ஒன்பதாவதுக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும், காலையில் ஒரே பஸ். பல பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளியாக்கக் கேட்டபோது, ஊர்ப் பங்களிப்பு 1 லட்சம் கட்டச் சொன்னார்கள். சாவடியில் கூடிப் பேசினோம். திருவிழாவுக்குப் போடுவது போலவே தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, 500 என்று முடிவானது. 210 தலைக்கட்டு.

நோட்டோடு போனோம். ஒரு பெரியவர் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். "எம் பேரப்புள்ளைங்க வேன்ல போகுதுங்க ஆத்தா, நான் எதுக்குக் குடுக்கணும்?" எனக்குப் பதில் வரவில்லை. கூட வந்த அக்கா, "கோயில் வரி குடுக்குறீங்களே மாமா, தினமுமா கோயிலுக்குப் போறீங்க?" என்றார். அவர் பேசாமல் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார். பத்து நாள் கழித்து 300 கொண்டுவந்தார், மீதி பொங்கலுக்கு என்றார். அப்படியே எழுதிக்கொண்டோம். இன்று பள்ளிக்குள் ஆடு நுழைந்தால் முதலில் சத்தம் போடுவது அவர்தான்.

மதுரைக்காரன்:
படிக்கும்போதே எங்கள் பக்கத்து ஆயி அம்மாள் என்கிற பூரணம் நினைவுக்கு வந்தார். மறைந்த மகள் ஜனனியின் நினைவாக, கொடிக்குளம் பள்ளியைத் தரம் உயர்த்த 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தவர். 2024 குடியரசு தினத்தன்று முதலமைச்சரின் சிறப்பு விருது பெற்றார்.

எங்களிடம் அவ்வளவு நிலம் ஏது? பள்ளிக்கு வேண்டியதை ஊரே சீர்வரிசையாகக் கொண்டுபோகும் கல்விச் சீர் எடுத்தோம். மேளத்தோடு பீரோ, ஃபேன், நாற்காலி எல்லாம் டிராக்டரில் வந்தன. ஒரு அப்பத்தா தாம்பாளத்தில் இரண்டு பினாயில் பாட்டிலும் ஒரு விளக்குமாறும் வைத்திருந்தார். "பீரோவுக்கு ஆயிரம் பேர் இருக்காக. கக்கூஸ் கழுவ யாரு வாங்கித் தருவா?" உண்மைதான். பீரோ இன்னும் பளபளக்கிறது, பினாயில் இரண்டே மாதத்தில் தீர்ந்தது. மாதாமாதம் வரும் செலவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை:
இது நமக்குப் புதிதில்லை. காமராசர் காலத்து மதிய உணவில் 60 சதவீதம் அரசு, 40 சதவீதம் ஊர். அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊரார் பணமாகவும் பொருளாகவும் கொண்டுவந்து குவித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், காலியிடத்தில் வைத்த ஆசிரியைக்குப் பெற்றோரிடம் வசூலித்துச் சம்பளம் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் மாதம் 50 ரூபாயைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வருவார்கள். வாங்கவே கை கூசும். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்க வேண்டியது. அதற்கு ஊரில் உண்டியல் குலுக்காதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். பினாயிலுக்கு நான் மாதம் 200 தருகிறேன் தம்பி, எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.