சீட்டு எழுதாமல் வாங்கிய ஏடு: திருகோணமலை அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

நான் திருகோணமலையில் ஒரு பொதுக் கலாசார நிறுவனத்தில் 19 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதப்போவது என் கையால் நடந்த பிழையைப் பற்றி.

2010, மாரி தொடங்குகிற நேரம். கிளிவெட்டி முகாமில் இருந்து ஓர் அம்மா வந்தா. சம்பூர்ப் பக்கத்து ஆள். 2006இல் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் ஒருவர். கையில் ஒரு சிவப்புச் சேலைத்துண்டு. அவிழ்த்தால் இரண்டு பனை ஏட்டுக் கட்டுகள். தகப்பன் வைத்தியராம். ஒன்று விஷக்கடி வைத்தியம், மற்றது மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்தியம் சொல்கிற ஏடு. மாட்டை நம்பிப் பிழைத்த ஊர்கள் அவை. அந்த வாகடம் ஒரு வீட்டுச் சொத்து மட்டும் இல்லை.

"தம்பி, முகாமில மழை ஒழுகுது, கறையான் ஏறுது. நாங்க ஊருக்குப் போகுமட்டும் இதை வைச்சிருங்கோ" என்றா.

அவ தந்தது அன்பளிப்பு இல்லை, அடைக்கலம். "ஊருக்குப் போகுமட்டும்" என்று சொல்லித்தான் தந்தா. எனக்கோ ஏட்டைக் கண்ட சந்தோசம். பதிவேட்டில் ஏற்றவில்லை, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு எழுதவில்லை. தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினேன். மரியாதையாக நடந்துகொண்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வருடம் எங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஏடுகளைப் படம் பிடிக்கிற திட்டம். மேலதிகாரி வாய்ச்சொல்லில் சரி என்றார். மாட்டு வாகடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு கிழமையில் தருவதாகப் பேச்சு. பிறகு மேலதிகாரிக்கு இடமாற்றம், குழுவின் திட்டமும் முடிந்தது, அவர்கள் தந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. கட்டு வரவே இல்லை.

2016இல் அந்த அம்மா வந்தா. காணியைத் திருப்பி விட்டாச்சு, கொட்டில் போட்டாச்சு, ஏட்டை எடுக்க வந்தனான் என்றா. நான் ஒரு கட்டை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவ மற்றதைக் கேட்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தா. குழு வந்தது, இடமாற்றம் நடந்தது எல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "எனக்கு அவங்களைத் தெரியாது தம்பி. நான் உங்களிட்டத்தான் தந்தனான்" என்றா.

அதற்குப் பிறகுதான் சர்வதேச அருங்காட்சியகப் பேரவையின் நெறிக்கோவையைத் தேடி எடுத்து ஒழுங்காக வாசித்தேன். 1986இல் புவெனஸ் அயர்ஸில் ஏற்று, 2004இல் சியோலில் திருத்திய கோவை அது. ஒரு பொருள் என்ன, யாரிடமிருந்து வந்தது, என்ன நிலையில் இருக்கிறது, இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. "இப்போது எந்த இடத்தில்" என்ற அந்த ஒன்றை மட்டும் நான் எழுதியிருந்தால் போதும்.

ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் பொருள் குடுத்தவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள், கூட்டாக வேலைக்குப் போனவர்கள், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை

எங்கட வீட்டுக் கதை ஏடு இல்லை, ஒரு படம்.

கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில. 396 மீற்றர். அதுக்கு முன்னம் எல்லாரும் பாதையிலதான் போய்வந்த. (வெளியூர் ஆக்களுக்கு: இங்க பாதை எண்டா தண்ணியில ஆளையும் வாகனத்தையும் ஏத்தி இறக்கிற மிதவை.) பாலம் திறந்த கையோட, பாதைக் காலத்துப் படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கப்போறம் எண்டு வீடு வீடா வந்தாங்க. சுனாமியில எங்கட படப்பெட்டி முழுக்கப் போயிட்டு. மிஞ்சின நாலைஞ்சில ஒண்டு, உம்மா கலியாணம் முடிச்சுப் புதுசா பாதையில வந்த படம். உம்மா யோசிச்சு யோசிச்சுத்தான் குடுத்தாங்க. படத்தைத் திருப்பித் தந்தாங்க, அதுல குறை சொல்ல ஏலாது. கண்காட்சியும் நல்லா நடந்த.

அடுத்த வருசம் தம்பி ஒரு கடையில நாட்காட்டி ஒண்டைக் கண்டு ஓடி வந்தான். கண்காட்சிக்குக் காசு குடுத்த கொம்பனியிட நாட்காட்டி. மார்ச் மாசத்துக்கு உம்மாட முகம்.

உம்மா அழல்ல, ஏசல்ல. "நான் கண்காட்சிக்குத்தானே குடுத்த. கடைச் சுவர்ல தொங்கவா குடுத்த?" எண்டு ஒரே ஒரு தரம் கேட்டாங்க. அந்த வருசம் முடியுமட்டும் கடைத்தெருவுக்குப் போகல்ல.

நான் போய்க் கேட்டன். அங்க இருந்த மிஸ் பாவம், அவவுக்கே தெரியாது. படங்கள் இருந்த இறுவட்டை அனுசரணையாளருக்குக் குடுத்தது வேற ஆள். "நீங்க சம்மதம் தந்தீங்கதானே" எண்டாங்க. ஓம், தந்தம். எதுக்குத் தந்தம், எவ்வளவு காலத்துக்கு, வேற யார்ட கைக்குப் போகலாம், இதை யாரும் எங்களிட்டக் கேட்கவும் இல்ல, எழுதவும் இல்ல. இப்ப என்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர் வரலாறு எண்டு படம் சேர்க்கப் போனா, ஒரு கொப்பியில இந்தக் கேள்விகளை எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் அனுப்பிற. பிள்ளைகளுக்கு அலுப்பு. ஆனாச் செய்யிறாங்க.

உப்புவெளி

நான் சுருக்கமாக எழுதுறன். கிணறு ஆழப்படுத்தும்போது பச்சை பிடித்த செப்புக் காசு ஏழு வந்தது. ஒன்றைப் புளி போட்டு விளக்கினால் ஒல்லாந்தர் கொம்பனியின் அடையாளம். (விளக்கியிருக்கக் கூடாது, அது பிறகுதான் தெரிந்தது.) 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் இதைப் பற்றி இருக்கு, அறிவிக்கவேண்டும் என்று அண்ணை சொன்னார். காசைத் துணியில் கட்டிக்கொண்டு சம்பந்தப்பட்ட இடத்துக்குப் போனேன்.

மேசையில் இருந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, பதியப்போனால் உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். நானும் காசு சேர்க்கிற ஆள். ஒரு விலை சொல்லுங்கோ" என்றார்.

அவர் கெட்ட மனிதன் என்று நான் நினைக்கவில்லை. காசைப் பற்றி அரை மணித்தியாலம் ஆசையாக விளக்கம் சொன்னார். ஆனால் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? பொதுவுக்குச் சேர்க்கிற ஆளே தனக்கும் சேர்த்தால், வருகிற பொருளில் எது எங்கே போகும்? நான் காசைக் கட்டிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து வேறொரு அலுவலரிடம் குடுத்து, எண்ணிக்கையும் நிறையும் எழுதிச் சீட்டு வாங்கினேன்.

எங்கள் ஊரில் கிணறு தோண்டி வந்த பொருளுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1950இல் நகரசபைத் தொழிலாளர் கிணறு வெட்டும்போதுதான் கோணேசர் கோயிலின் பழைய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. அன்றைக்கு அந்தக் குழியின் விளிம்பில் நின்றவர் "ஒரு விலை சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தால்? அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இது மனதில் வரும்.

நகரத்திலிருந்து, வயது 78

எங்கட வீட்டிலும் ஏடு இருக்கு. நாலு பேர் வந்து கேட்டவை. குடுக்கேல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகம், ஏடு எல்லாம் சாம்பலானதைக் கேட்ட அன்றைக்கே என்ர தகப்பனார் எங்கட ஏட்டைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். அந்தப் பூட்டை நான் திறக்கவேணும் எண்டால், கேட்டு வாற பிள்ளை முதல்ல தன்ர பதிவேட்டைக் காட்டவேணும். இது கோபத்தில சொல்லுறது இல்லை.

கோணேசர் கல்வெட்டு எண்ட பழைய நூலைப் படிச்சவைக்குத் தெரியும். கோயில் தொண்டு செய்யிற கூட்டங்களில தானத்தாருக்கு என்ன கடமை, வரிப்பத்தாருக்கு என்ன கடமை எண்டு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கு. யார் எதுக்குப் பொறுப்பு எண்டு எழுதிவைக்கிறது எங்கட ஊருக்குப் புதுசு இல்லை.

இப்போதும் வேலையில் இருப்பவர்

மற்றப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு இது ஆறாவது வருடம்.

இறால் பையோடு வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் முதலில் பயந்தேன். சாம்பல்தீவில் இருந்து ஓர் ஐயா, தன் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுக்க உதவியதற்காக இரண்டு கிலோ கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் அவருக்கு மனம் நோகும், வாங்கினால் அடுத்து வருகிற, கையில் ஒன்றும் இல்லாத ஆள் என்ன நினைப்பார்? "ஐயா, இது என் வேலை, இதுக்குச் சம்பளம் தாறாங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைக்குச் சமையுங்கோ" என்று வாசல் வரை கூடப் போனேன். அவர் பிறகும் வருகிறார், வெறுங்கையோடு.

கஷ்டமாக இருந்தது வேறொன்று. பெரியகுளத்தடி வெல்கம் விகாரையைப் பற்றி ஒரு விளக்கப்பலகை எழுதவேண்டி வந்தது. நம் சனம் நாதனார் கோயில் என்று சொல்லும் இடம். அது பௌத்தப் பள்ளி. அங்கே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. தமிழில் பெயர் எழுதி அந்தப் பள்ளிக்குத் தானம் செய்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதினேன்.

கண்காட்சிக்குக் காசு தர முன்வந்தவர், தமிழ்க் கல்வெட்டு பற்றிய வரி தேவையில்லை என்றார். எடுக்க முடியாது என்றேன், காசும் வரவில்லை. அதைத் தாங்கிக்கொண்டேன். பிறகு எனக்கு மாமா முறையான ஒருவர் வீட்டுக்கே வந்து, "பிள்ளை, பௌத்தம் எண்ட சொல்லை ஏன் போடுறாய்? அதை வைச்சுத்தானே நாளைக்கு எங்களைக் காணியை விட்டு எழுப்புவாங்கள்" என்றார். அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, இந்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் காசு தருகிறவருக்காக ஒரு வரியை எடுக்க மறுத்துவிட்டு, மாமாவுக்காக இன்னொரு வரியை எடுத்தால், அந்தப் பலகையில் மிஞ்சுகிற எதை யார் நம்புவார்கள்? அச்சடிக்கக் காசு இல்லாமல் ஒட்டுப்பலகையில் கையாலேயே எழுதி வைத்தோம். மாமா ஒன்றரை வருடம் கதைக்கவில்லை. போன பொங்கலுக்கு வந்தார்.

மூதூர்

ஒரு தகவல் மட்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பொது நிறுவனத்துக்குக் குடுத்த பொருள் இப்போது எங்கே என்று நாட்டுப் பிரஜை யாரும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தன் முடிவைச் சொல்லவேணும். நான் ஓர் இடத்தில் இரவல் போன பொருட்களின் பட்டியலைக் கேட்டேன். அப்படிப் பட்டியல் இல்லை என்று பதில் வந்தது. மூன்று மாதம் கழித்துப் போனேன், மேசையில் புதுப் பதிவேடு ஒன்று கிடந்தது, ஐந்து பக்கம் எழுதியிருந்தார்கள். அலுவலர் லஞ்சம் கேட்டாலோ, பதவியைத் தன் இலாபத்துக்குப் பாவித்தாலோ அதுக்கு 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கு, லஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. கிண்ணியாத் தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.

உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருந்தார், அந்த அம்மாவுக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று. 2016இல் அவ வந்த அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, "இரண்டு ஏட்டுக் கட்டுகள் பெற்றுக்கொண்டேன். ஒன்றைத் திருப்பித் தந்தேன். மாட்டு வாகடம் தரவேண்டியிருக்கிறது" என்று எழுதி, என் பெயரில் கையெழுத்து வைத்துக் குடுத்தேன். ஆறு வருடம் பிந்திய சீட்டு. அவ வாசித்துப் பார்த்து, நாலாக மடித்து, மிஞ்சிய கட்டோடு சேர்த்து அதே சிவப்புத் துணியில் வைத்துக் கட்டினா.

அவ இப்போதும் ஊரில்தான் இருக்கிறா. ஆகவே கேட்கிறேன். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடிய பனை ஏட்டுக் கட்டு, மேற்சட்டத்தின் ஒரு மூலையில் விளக்குச் சுட்ட கறுப்புத் தழும்பு, இரண்டு துளையில் ஒன்றில் மட்டும் கயிறு, முதல் ஏட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே கன்று ஈனுவது பற்றிய பாட்டு. எந்த அலுமாரியிலாவது, எந்த ஆய்வாளர் வீட்டிலாவது கண்டால் எனக்கு எழுதுங்கோ. எப்படி வந்தது என்று நான் கேட்கமாட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போவேன், சீட்டு எழுதித் தருவேன்.