எம்.எஸ். முடிச்ச கண் டாக்டருக்கு ஆராய்ச்சிப் பயிற்சி எதுக்கு? (எல்லையோரத் தமிழர் குழுமம், கொழிஞ்சாம்பாறை)

வேலந்தாவளத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. தங்கச்சி இந்த வருஷம் எம்.எஸ். கண் மருத்துவம் முடிச்சிருச்சு. இப்ப ரெண்டு இடம் கைவசம் இருக்கு. ஒண்ணு, புரை ஆபரேஷன் ஃபெலோஷிப் (மேற்பயிற்சி), ஒரு வருஷம், நாளெல்லாம் ஆபரேஷன் தியேட்டர்லதான். இன்னொண்ணு கருவிழிப் பிரிவுல ஆராய்ச்சி ஃபெலோ. அதுவும் ஒரு வருஷம், ஆனா ஸ்டைபண்ட் கம்மி. தங்கச்சிக்கு ரெண்டாவது மேலதான் கண்ணு. அப்பா "கத்தி புடிக்காத கண் டாக்டரு, ஏர் புடிக்காத விவசாயி மாதிரி"ன்னு சொல்லிட்டுத் தோப்புக்குப் போயிட்டாரு. எஜுகேஷன் லோன் நான்தான் கட்டிட்டிருக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ரெசிடென்ட்:
அப்பா சொன்னது நூத்துக்கு நூறு. எம்.எஸ். மூணு வருஷத்துல நான் தனியா முடிச்ச ஃபேகோ (மெஷின் வெச்சுப் பண்ற புரை ஆபரேஷன்) வெறும் நாலு. எல்லா காலேஜும் அப்படி இல்லை, ஆனா என்னை மாதிரி நிறையப் பேர் இருக்கோம். கை பழகுற வயசுல பழகணும். ஒரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்துட்டு வந்தா, லென்ஸ் உறையை வட்டமாக் கிழிக்கிற கேப்சூலோரெக்சிஸ் பண்ணும்போது கை நடுங்கும். ஆராய்ச்சின்னா என்னன்னு நம்ம ஊர் எம்.எஸ். தீசிஸ்லயே (ஆய்வேடு) பார்த்தாச்சே. அறுபது பேஷண்ட், ஒரு எக்ஸெல் ஷீட், "மேலும் ஆய்வு தேவை"ன்னு கடைசி வரி. என் தீசிஸ் எந்த அலமாரில இருக்குன்னு எனக்கே தெரியாது.

லொள்ளு மாமா:
அலமாரில இருந்தாப் பரவால்ல டாக்டர், கேண்டீன்ல போண்டா மடிச்சிருப்பாங்க.

கருவிழி:
நான் கோயமுத்தூர்ல கார்னியா, அதாவது கருவிழி, பார்க்கிற டாக்டர். பழைய ரெசிடென்ட் தீசிஸைப் பத்திச் சொன்னது உண்மை. அதை வெச்சு ஆராய்ச்சியே வேண்டாம்னு முடிவு பண்றதுதான் தப்பு.

நெல்லுத் தாள் கீறி, தென்னை ஓலை பட்டு, உமி விழுந்து வர்ற பூஞ்சைப் புண் நம்ம பக்கம் எவ்வளவுன்னு சொல்லத் தேவையில்லை. மதுரை மாவட்டத்துல கணக்கெடுத்து 1996-ல ஒரு கட்டுரை வந்தது. வருஷத்துக்கு லட்சம் பேர்ல 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவுல வந்த கணக்கைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இதுக்கு என்ன சொட்டு விடுறது? ரொம்ப நாளா நேட்டமைசின்தான். அப்புறம் வோரிகோனசோல் வந்தது. புதுசு, விலையும் அதிகம், கண்ணுக்குள்ளே நல்லா இறங்கும்னு பேர். நான் படிக்கிற காலத்துல, காசு இருக்கிறவங்களுக்கு அதையே எழுதுங்கன்னு சீனியர்கள் சொல்லுவாங்க. அரவிந்த் கண் ஆஸ்பத்திரில 323 பேரை ரெண்டு பிரிவாக்கி, யாருக்கு எந்தச் சொட்டுன்னு மறைச்சு வெச்சுப் பார்த்தாங்க. 2013-ல முடிவு வெளிவந்தது. பழைய நேட்டமைசின்தான் ஜெயிச்சது, அதுவும் ஃப்யூசேரியம் பூஞ்சைல வித்தியாசம் பெரிசு. வோரிகோனசோல் விட்டவங்கள்ல கண் ஓட்டையானது, அவசரமா கருவிழி மாத்த வேண்டி வந்தது எல்லாம் அதிகம். சீனியர் பேச்சைக் கேட்டு நான் எழுதின சீட்டுகளை நினைச்சா இன்னைக்கும் உறுத்துது.

அந்த ஆய்வை நடத்தக் கத்தி மட்டும் தெரிஞ்சாப் போதாது. யாரைச் சேர்க்கணும், யாரை விடணும், மூணாவது மாசம் பார்வையை அளக்கிறவருக்கு எந்தச் சொட்டுன்னு தெரியாம எப்படிப் பார்த்துக்கணும்னு ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுக்கணும். எம்.எஸ்.ல அதுக்கு ஆளே கிடையாது.

பழைய ரெசிடென்ட்:
மேடம், அந்த ஆய்வு அமெரிக்கப் பணத்துல, சான் ஃபிரான்சிஸ்கோ ப்ராக்டர் ஃபவுண்டேஷன்கிற கண் ஆராய்ச்சி நிலையத்தோட சேர்ந்து நடந்தது. புண் நம்ம விவசாயிக்கு, பேரும் புகழும் அவங்களுக்கு. நம்ம பசங்க பேஷண்டைப் பிடிச்சுக் குடுக்கிற ஏஜெண்ட். வேலந்தாவளத்தான் தங்கச்சியும் அதைத்தான் பண்ணப் போறாங்க.

கருவிழி:
அந்த 2013 கட்டுரைல முதல் பேர் யாருதுன்னு எடுத்துப் பாருங்க. மதுரை வெங்கடேஷ் பிரஜ்னா. பாக்டீரியாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்குற மருந்து) சேர்த்தா நல்லதான்னு 500 பேரை வெச்சுப் பார்த்த 2012 கட்டுரைல முதல் பேர் எம். சீனிவாசன், அவரும் மதுரைதான். பணம் அங்கிருந்து வந்தது, மறுக்கலை. ஆனா கேள்வி நம்ம வார்டுல இருந்தது. அதைக் கேட்கத் தெரிஞ்சவங்களும் இங்கேயே இருந்தாங்க.

பழைய ரெசிடென்ட்:
முதல் பேர் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். அவங்க ரெண்டு பேரும் பல வருஷம் ஆபரேஷன் பண்ணிட்டு அப்புறம் ஆய்வுக்கு வந்தவங்க. நான் சொல்ற வரிசையும் அதுதான்.

முகாம்காரன்:
நான் டாக்டர் இல்லைங்க. பதினாலு வருஷமா கண் முகாம்ல சீட்டு எழுதுறேன், பெரியவங்களைக் கைப்புடிச்சு ஏத்தி இறக்குறேன். நடந்ததைச் சொல்றேன், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

எருத்தேம்பதிப் பக்கம் ஒரு முகாம். ஒரு பாட்டிக்குக் கருவிழில வெள்ளையா புண்ணு. புண்ணு பத்தி ஏதோ ஆய்வு நடந்துட்டிருந்துச்சு, அதுக்கு ஒரு சின்ன டாக்டரு வந்திருந்தாரு. நல்ல பையன், மலையாளம்தான் பேச்சு. "எத்ர திவசமாயி?"ன்னு கேட்டாரு. பாட்டி "ரெண்டு வாரம் இருக்கும் சாமி"ன்னுச்சு. "வேற மருந்து போட்டீங்களா?" "இல்லை சாமி." எழுதிக்கிட்டாரு. சம்மதத்தாள் முழுக்க மலையாளம். பாட்டிக்கு மலையாள எழுத்து ஒண்ணு தெரியாது. கீழ தமிழ்ல அழகா "பொ" போட்டு ஆரம்பிச்சு பேர் எழுதிக் குடுத்துச்சு.

எனக்கு மனசு கேக்கலை. வெளிய திண்ணைல உக்கார வெச்சு, "பாட்டி, சித்தூர் கொங்கன் படைத் திருவிழாவுக்கு முன்னயா பின்னயா?"ன்னேன். "அதுக்கு முந்தின நாளுதான்யா ஓலை அடிச்சுது, படை பாக்கப் போனப்ப மருமவ கறுப்புக் கண்ணாடி வாங்கிக் குடுத்தா"ன்னுச்சு. எண்ணிப் பாத்தா 38 நாள்! சுருக்குப் பைய அவுத்தா வெத்தலைக்கு நடுவுல ஒரு சொட்டு மருந்து பாட்டில். மெடிக்கல்ல சீட்டில்லாம வாங்குனது. டாக்டரு திட்டுவாருன்னு சொல்லலையாம். உள்ள கொண்டு போய்க் காட்டுனேன், ஸ்டீராய்டுன்னாரு. பாவம், அவரு முகம் விழுந்து போச்சு. "இதுக்கு முந்தி பாத்தவங்ககிட்ட இப்படிக் கேக்கலையே"ன்னாரு.

அவருக்கு ஆராய்ச்சி எப்படிப் பண்றதுன்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் குடுக்கலை. அது மட்டும் தெரியும்.

பழைய ரெசிடென்ட்:
இது என் கட்சிக்குத்தான் சாட்சி. அப்போ முகாம்காரன் அண்ணனுக்குப் பயிற்சி குடுங்க, டாக்டருக்கு எதுக்கு?

முகாம்காரன்:
எனக்குக் குடுத்தா நான் வேண்டாங்கலை. ஆனா தாள்ல என்ன கேள்வி இருக்கணும்னு முடிவு பண்றது நான் இல்லீங்களே. "எத்தனை நாள்"னு ஒரு கட்டம்தான் இருந்துச்சு. "கடைசியா எந்த விசேஷம்"னு கட்டம் இல்லை.

கருவிழி:
அண்ணா, இதை நான் என் ஜூனியர்களுக்குப் படிச்சுக் காட்டப் போறேன். ஸ்டீராய்டு விட்டதை மறைச்சவங்க எல்லாம் "மருந்து போடலை"ங்கிற பிரிவுல போய் விழுந்தா, அந்த ஆய்வோட முடிவே புரண்டுடும். இதைப் புத்தகத்துல வேற பேர் வெச்சுச் சொல்லுவாங்க, விஷயம் இதுதான். தமிழ்த் தாள் இல்லாம தமிழ்ப் பாட்டிகிட்ட கையெழுத்து வாங்கினது, ஆய்வு முறையா நடக்குதான்னு பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டி முன்னால நிக்காது. படிக்கத் தெரியாத மொழில இருக்கிற தாள்ல போட்ட கையெழுத்து சம்மதமே இல்லை.

வேலந்தாவளத்தான் தம்பிக்கு: எல்லா இடமும் ஒண்ணு இல்லை. நானே ஒரு இடத்துல ஆராய்ச்சி ஃபெலோன்னு சேர்ந்து பதினோரு மாசம் பழைய கேஸ் ஷீட் தூசி தட்டினேன். கட்டுரைல என் பேர் நன்றி சொல்ற பத்தில இருந்தது. அதனால தங்கச்சி சேரும் முன்ன நேரா கேட்கட்டும்: சொந்தமா ஒரு ஆய்வுத் திட்டம் எழுதி எத்திக்ஸ் கமிட்டி முன்ன வைக்க விடுவாங்களா? கணக்கு பார்க்கிற புள்ளியியல்காரர் அதே வளாகத்துல இருக்காரா, இல்லை வெளியில காசு குடுக்கணுமா? வாரத்துல எத்தனை நாள் தியேட்டர்? மூணாவதுக்கு "ஒரு நாளும் இல்லை"ன்னு பதில் வந்தா, பழைய ரெசிடென்ட் பக்கம் நான் சாஞ்சுடுவேன்.

எம்.எஸ்.ல கட்டாயமா முடிக்கிற ஆன்லைன் கோர்ஸ், சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்துறது, அதை மட்டும் நம்பாதீங்க. நல்ல கோர்ஸ்தான். ஆனா வீடியோ பார்த்து நீச்சல் வராது. பின்னாடி பொதுச் சுகாதாரப் பக்கம் ஆசை வந்தா, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்துல அச்சுத மேனன் மையம் இருக்கு. லண்டன் போக மனசிருந்தா அங்கே சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளில கண் நலத்துக்குன்னே ஒரு முதுகலைப் படிப்பு உண்டு. கண் டாக்டர்னா அவங்களுக்கு அதிசயம் இல்லை.

லொள்ளு மாமா:
லண்டன் எல்லாம் அப்புறம். தோப்புல இருக்கிற அப்பாவை முதல்ல கூப்பிட்டுச் சமாதானம் பண்ணுங்கப்பா.

பழைய ரெசிடென்ட்:
மூணாவது கேள்வி சரியான கேள்வி. வாரம் ரெண்டு நாள் தியேட்டர் குடுத்தா எனக்கு மறுப்பில்லை. ஒரு நாள்னா யோசிக்கணும். லோன் வட்டி ஆராய்ச்சி பண்ணாது, ஏறிக்கிட்டேதான் இருக்கும். அதை யாரும் பேசலை.

வேலந்தாவளத்தான்:
தங்கச்சி இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டுச்சுங்க. தியேட்டர் வாரம் ஒரு நாள், மூணு மாசத்துக்கு அப்புறம் ரெண்டு நாள். புள்ளியியல் ஆளு உள்ளயே இருக்காராம். சொந்தத் திட்டத்துக்கு மட்டும் "பாக்கலாம்"னாங்களாம். அந்தப் "பாக்கலாம்"தான் எனக்குச் சரியாப் படலை. எழுத்துல கேளுன்னு சொல்லியிருக்கேன். லோனுக்கு இன்னும் ஒரு வருஷம் நான் தாங்குவேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன், பதிலே பேசலை.

தங்கச்சி பக்கத்துல உக்காந்து இதெல்லாம் படிச்சிட்டிருக்கு. முகாம்காரன் அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுது: அந்தப் பாட்டி அப்புறம் மறுபடி வந்தாங்களா?

முகாம்காரன்:
ஒரு தடவை வந்துச்சுங்க. அப்புறம் வரலை. எருத்தேம்பதில இருந்து ரெண்டு பஸ் மாறணும், கூட்டிட்டு வர மருமவளுக்கு அன்னிக்குக் கூலி போயிரும். தாள்ல "தொடர்பு விட்டுப் போனது"ன்னு எழுதியிருக்கும். வீடு எனக்குத் தெரியும். தங்கச்சி வர்றதா இருந்தா ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.