நான்கு பேர், நான்கு நாடுகள், ஒரு பாடல்: துண்டுகள் ஒட்டவில்லை

நிழல்வெட்டு எழுதியது:

வணக்கம். நாங்கள் நான்கு பேர், நான்கு நாடுகளில் இருக்கிறோம். நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. சில மாதங்களுக்கு முன் ஓர் இசையமைப்பாளர் தன் பாடலை அனுப்பி, அதற்கு ஒரு காணொளி கேட்டார். “கதை வேண்டாம், உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எடுங்கள்” என்றார். பாடல் 3 நிமிடம் 40 விநாடி. பெரும்பகுதி, வில்லால் வாசிக்கும் செல்லோவின் நீண்ட இழுப்புதான். அதன்மேல் ஒரு பெண்குரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. ஒவ்வொரு முறையும் வரியிலிருந்து ஒரு சொல் உதிர்கிறது. கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சுகிறது. அந்த மூச்சுக்காகவே இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

‘கை’ என்ற ஒற்றைச் சொல்லைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஆளுக்கு 55 விநாடி எனப் பங்கிட்டோம். ஆவி படிந்த கண்ணாடியில் ஒரு முதியவரின் விரல் வட்டம் வரைவதை நான் எடுத்தேன். இரண்டாமவர் தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் துணியைத் தள்ளும் விரல்களை எடுத்தார். மூன்றாமவர் கையைக் காட்டவேயில்லை. சுவரில் விழும் அதன் நிழலை மட்டும் எடுத்தார். நான்காமவர் பாடகியின் ஊர்க்காரர். முழுப் பாடலையும் ஓடவிட்டு, பாடகி பாடுவதை இடையில் வெட்டாமல் ஒரே ஷாட்டாகப் பிடித்து அனுப்பினார்.

இப்போது எல்லாம் என் கணினியில் இருக்கின்றன. ஆனால் மூன்று இடங்களில் தடுக்கி நிற்கிறேன். பாடகியின் உதடுகள் தொடக்கத்தில் குரலோடு சரியாகப் பொருந்துகின்றன. போகப் போகப் பின்தங்கிவிடுகின்றன. மூன்றாமவரின் சுவரில் கருமையான பட்டைகள் மெல்ல ஏறுகின்றன. இவை இரண்டும் தொழில்நுட்பச் சிக்கல்கள், தீர்ந்துவிடும் என நம்புகிறேன்.

மூன்றாவதுதான் என்னை வதைக்கிறது. நான்கு துண்டுகளும் தனித்தனியே அழகானவை. வரிசையாக வைத்தால் உயிர் போய்விடுகிறது. நான்கு பேரின் நான்கு படங்கள், பின்னணியில் ஒரு பாடல், அவ்வளவுதான். நிறத்தை ஒன்றுபோலச் சீரமைத்துப் பார்த்தேன். ஒரே சாயம் பூசிய நான்கு துண்டுகளாகத்தான் தெரிந்தன. எங்களுக்குள் இயக்குநர் என்று யாரும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே பேசி முடிவெடுத்தோம். அதனால் யாரும் யாருடைய துண்டையும் தொடத் தயங்குகிறோம். யார் எதை அனுப்பினாலும் மற்ற மூவரும் “நன்றாக இருக்கிறது” என்று எழுதுகிறோம். இப்படி ஒருவர் கையில் இல்லாத படத்தை எது சேர்த்துப் பிடிக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒலிமேசை எழுதியது:

உதடு விஷயத்தை நான் சொல்கிறேன். தொடக்கத்திலேயே விலகியிருந்தால் காரணம் வேறு. சிறிது சிறிதாகப் பின்தங்குகிறது என்றால் ஃபிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்பதை, பாருங்கள். அவர் விநாடிக்கு 24 ஃபிரேம் எடுத்து, நீங்கள் துண்டுகளை அடுக்கும் டைம்லைன் 23.976 ஆக இருந்து, வழியில் ஏதோ ஒரு மென்பொருள் ஃபிரேம்களை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றியிருந்தால், படம் ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 220 விநாடிப் பாடலில் முடிவுக்கு வரும்போது 0.22 விநாடி, அதாவது ஏறக்குறைய 5 ஃபிரேம் பின்தங்கும். உதட்டில் 2 ஃபிரேம் விலகினாலே உற்றுப் பார்ப்பவருக்கு உறுத்தும். கைப்பேசியில் எடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை: பல கைப்பேசிகள் வேகத்தை நிலையாக வைப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமையும் குறைத்துவிடும். அப்படிப்பட்ட கோப்பை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொகுப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. நால்வரிடமும் இருப்பது ஒரே பாடல் கோப்புதானா? எம்பி3 ஆக மாற்றும்போது தொடக்கத்தில் சிறிது வெற்றொலி சேர்ந்துவிடும். ஒருவரிடம் எம்பி3, இன்னொருவரிடம் சுருக்கப்படாத வேவ் என்றால் இருவரின் தொடக்கமும் ஒன்றாக இராது. 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு ஒன்றே ஒன்று, பாடலுக்கு முன் மூன்று ‘பீப்’ ஒலி, அதையே எல்லோரும் பயன்படுத்துங்கள். மறுபடி எடுப்பதானால் பாடகிக்குக் காதில் மாட்டும் கருவியைக் கொடுக்காமல், பாடலை ஒலிபெருக்கியில் ஓடவிடுங்கள். கேமரா அதைப் பதிவு செய்யட்டும். பிறகு அலைவடிவத்தை வைத்துப் பொருத்திவிடலாம்.

சுவரில் ஏறும் பட்டை விளக்கிலிருந்து வருகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120 முறை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்தான் ஷட்டர். முதலாவதில் அதை 1/50 விநாடியாகவும் இரண்டாவதில் 1/60 விநாடியாகவும் வைக்கச் சொல்லுங்கள். நான்கு நாடுகளுக்கும் ஒரே அமைப்பை எழுதி அனுப்பியிருந்தால் யாராவது ஒருவருக்கு இது வரக்கூடும்.

---

தனிக்குடை எழுதியது:

என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒருவர் பொறுப்பெடுங்கள். தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். முடிவும் உங்களுடையதாக இருந்தால்தான் படம் முடியும். நான் பங்கெடுத்த இரண்டு கூட்டு முயற்சிகள், யாரும் யாரையும் வருத்தப்படுத்த விரும்பாததாலேயே வன்தட்டில் கிடக்கின்றன. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

---

மூன்றாம்சாமம் எழுதியது:

தனிக்குடையின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிழல்வெட்டு, அவசரப்பட்டு இயக்குநர் ஆகிவிடாதீர்கள். நான் படத்தொகுப்பாளர். இப்படித் தொலைவிலிருந்து சேர்ந்து செய்த படங்களைத் தொகுத்திருக்கிறேன். உங்கள் படத்துக்கு இப்போது தேவை ஒரு விதி.

1920களில் பாரிஸில் கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிசக் கலைஞர்கள் ஒரு விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் தாளில் வரைந்து, அதை மடித்து மறைத்து, கோட்டின் நுனி மட்டும் தெரியும்படி அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அந்த நுனியிலிருந்து தொடர்வார். பரிசோதனைப் படம் எடுப்பவர்கள் பலரும் இதைக் கையாள்கிறார்கள். ஆனால் நமக்கு இதைவிடக் கச்சிதமான வடிவம் வீட்டிலேயே இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல். ஒவ்வொரு பாட்டும் தனித்து நிற்கும். ஆனாலும் மாலை அறுபடாது. நீங்கள் ‘கை’ என்ற பொருளைப் பங்கிட்டீர்கள். பொருள் ஒன்றாக இருப்பதால் மட்டும் துண்டுகள் ஒட்டா. ஒருவரின் முடிவு அடுத்தவரின் தொடக்கத்துக்குள் போக வேண்டும்.

இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். உங்கள் துண்டின் கடைசி ஃபிரேமைத் தனிப் படமாக எடுத்து இரண்டாமவருக்கு அனுப்புங்கள். அவர் அதைத் தன் மானிட்டரில் திரை நிறைய வைத்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை மேலே ஒட்டி, கண் நிற்கும் இடத்தை மார்க்கரால் வரைந்துகொள்ளட்டும். எல்லாவற்றையும் வரைய வேண்டாம்: விரல்நுனி எங்கே நிற்கிறது, வட்டம் எவ்வளவு பெரியது, அசைவு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இந்த மூன்று போதும். பிறகு கேமராவின் காட்சியை அதே மானிட்டருக்குக் கொண்டுவந்து, அந்தக் கோட்டுக்குள் தன் முதல் ஃபிரேம் வந்து உட்காரும் வரை கேமராவை நகர்த்தட்டும். வெட்டு விழும் கணத்தில் பார்ப்பவரின் கண் முன்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அங்கே புதிய பொருள் காத்திருந்தால், கண்ணாடியும் தையல் இயந்திரமும் ஒரே கையின் வேலையாகிவிடும். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அடுத்து, 55 விநாடிக் கணக்கை விட்டுவிடுங்கள். கடிகாரம் போட்ட பங்கு அது. 55ஆவது விநாடியில் செல்லோ வில் இழுப்பின் நடுவே இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வெட்டினால் பாடலையே வெட்டியதுபோல இருக்கும். உங்கள் பாடலிலேயே வெட்டுப்புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சொல் உதிரும்போதும் கை மாறட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நால்வரும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. ஒருவர் முடித்தபின்தான் அடுத்தவர் தொடங்க முடியும். என் முதல் முயற்சியில் ஒரு துண்டுக்காக ஆறு வாரம் காத்திருந்தேன்.

“நன்றாக இருக்கிறது” பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்களைத் தடை செய்துவிடுங்கள். “01:12இல் என் கண் விரலை விட்டுச் சன்னலுக்குப் போனது” என்று நேரக்குறியோடு எழுதுங்கள். அது தீர்ப்பு அல்ல, ஒருவர் கண்டது. யாரையும் புண்படுத்தாமல் உண்மையைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். இப்படி எழுதத் தொடங்கிய பிறகுதான் எங்கள் குழுவில் நட்பே உண்டானது.

முழு அளவுக் கோப்புகளை ஒவ்வொரு முறையும் அனுப்பாதீர்கள். புராக்ஸி எனப்படும் சிறிய நகல் கோப்பில் தொகுத்துவிட்டுக் கடைசியில் மூலத்தை இணையுங்கள். பாடல், காட்சி இரண்டின் உரிமையும் யாருக்கு என்பதை வெளியிடுவதற்கு முன்பே எழுதி, இசையமைப்பாளரோடு சேர்த்து ஐவரும் கையெழுத்திடுங்கள்.

---

நிழல்வெட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒலிமேசை சொன்னது அப்படியே சரி: 24க்கும் 23.976க்கும் நடுவில்தான் சிக்கல். நான்காமவர் தன் மூலக்கோப்பை அனுப்பினார். உதடுகள் கடைசி மூச்சு வரை குரலோடு நிற்கின்றன. மூன்றாமவர் ஷட்டரை மாற்றி ஒரு சோதனை எடுத்தார். பட்டை இல்லை.

தனிக்குடை, உங்கள் இரண்டு படங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் உங்கள் பதிலை மற்ற மூவருக்கும் படித்துக் காட்டினேன். முதல்முறையாக அன்று மனம்விட்டுப் பேசினோம்.

இரண்டாமவர் நேற்று பிளாஸ்டிக் தாளை ஒட்டி எடுத்துப் பார்த்தார். என் முதியவர் கண்ணாடியில் துடைத்த வட்டத்தின் மேல் அவருடைய நூற்கண்டு வந்து உட்கார்ந்தது. மேலிருந்து எடுத்திருக்கிறார், வட்டத்துக்குள் வட்டம். விரல் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்ததால் நூல் அந்தப் பக்கமே அவிழ்கிறது. 23 முறை ஓட்டிப் பார்த்தேன்.

மூன்றாம்சாமம், உங்களிடம் ஒன்று. அந்தாதியில் கடைசிப் பாட்டு முதற்பாட்டின் தொடக்கச் சொல்லில் வந்து முடிந்து மண்டலிக்கும் அல்லவா? எங்கள் பாடல் மூச்சில் முடிகிறது. என் முதல் ஷாட் ஆவி படிந்த கண்ணாடி. பாடகியைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, அந்தக் கடைசி மூச்சை அதில் விடச் சொல்லப்போகிறோம். நான்காமவர் சம்மதித்துவிட்டார். முதல் ஃபிரேமை இன்றிரவு அவருக்கு அனுப்புகிறேன்.