இங்கிலாந்து கியூ.டி.எஸ். (அங்கே பள்ளி ஆசிரியராக இருப்பதற்கான தகுதிநிலை): காரைக்குடி பக்கம் யாராவது வாங்கியிருக்கீங்களா?

வணக்கம் மக்களே. கணக்கு பி.எஸ்சி., பி.எட். முடித்து தேவகோட்டையில் தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சிக்காகக் கேட்கிறேன்.

2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்கள் கியூ.டி.எஸ்.க்கு இங்கிலாந்துக் கல்வித்துறையிடம் ஆன்லைனிலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் மட்டும்தான், அதுவும் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு. வணிகவியல், வரலாறு ஆட்களுக்கு இந்த வழி இல்லை. விண்ணப்பக் கட்டணம் கிடையாது, ஏஜென்ட் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ் தனிக் கணக்கு.

டிகிரி, பி.எட்., ஒரு வருட அனுபவம், ஆங்கிலம் பி2 (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஒரு நிலை), எல்லாம் சரி. சிக்கல் இரண்டு இடத்தில்.

ஒன்று, ஆசிரியராகப் பணிபுரியத் தடையில்லை என்கிற கடிதம். தனியார் பள்ளி ஆசிரியருக்கு இதை சிவகங்கை சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசில் தருகிறார்களா, சென்னைக்குப் போக வேண்டுமா? தலைமையாசிரியர் தரும் அனுபவச் சான்று இதற்கு ஈடாகாது.

இரண்டு, பெயர். மார்க் ஷீட்டில் 'எஸ்' என்று இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நம்மூர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். நோட்டரி அஃபிடவிட்டை ஏற்றுக்கொண்டார்களா?

சமீபத்தில் வாங்கியவர்கள் எந்த ஆபீஸ், எந்த செக்‌ஷன் என்று சொன்னால் போதும்.