புதுப்பிப்பு: பிரச்சனைக் கணக்கைக் கண்டு பென்சிலை வைத்துவிடும் மகள்

நான்காம் ஆண்டில் படிக்கும் மகளுக்குக் கூட்டலும் கழித்தலும் நன்றாக வரும், வாக்கியமாகக் கேட்கும் பிரச்சனைக் கணக்கு என்றால் மட்டும் மிரள்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். பினாங்கிலிருந்தே பலர் வழி சொன்னீர்கள். பட்டர்வொர்த்தில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சொன்னது கைகொடுத்தது: முதலில் எண்களை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

நானே ஒரு கணக்கு எழுதினேன். கவினிடமும் மாலாவிடமும் சேர்த்து 48 ரிங்கிட் இருக்கிறது, மாலாவைவிடக் கவினிடம் 12 ரிங்கிட் அதிகம், ஆளுக்கு எவ்வளவு? எண்கள் தெரிந்தபோது இரண்டையும் உடனே கூட்டி 60 என்றாள். கேள்வி என்ன என்று பார்க்கவே இல்லை. மறைத்த பிறகுதான், "யாரிடம் அதிகம்? எவ்வளவு அதிகம்?" என்று அவளே கேட்டாள். பிறகு இரண்டு பட்டைகள் வரைந்தோம், கவினுடையது நீளமாக. நீண்டு நிற்கும் 12ஐ வெட்டினால் மீதம் 36. அதில் பாதி 18 மாலாவுக்கு, கவினுக்கு 30. கூட்டிச் சரிபார்த்ததும் அவள்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பட்டை முறை சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருப்பதுதான்.

டியூஷன் ஆசிரியருக்கு இதில் திருப்தியில்லை. படம் வரைந்தால் நேரம் போதாதாம். மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள், இன்னும் யாருக்கு இந்த அவசரம்?

பின்னம் வந்தால் மட்டும் பட்டையை எத்தனை பங்காகப் பிரிப்பது என்று திணறுகிறாள். அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.